தொரை வீட்டுக் குடலுக்கு மேளதாளம்

அடே பேராண்டி, கிளாஸ்கோவுல உன்கூட வேலை செய்யிற வெள்ளைக்காரன் ஜனவரி 25ஆம் திகதி ராத்திரி விருந்துக்குக் கூப்பிட்டிருக்கானாம். ஹாகிஸ்னு ஏதோ போடுவாங்களாம், விஸ்கியும் இருக்குமாம், எப்படிச் சாப்பிடணும், என்ன பேசணும்னு போன்ல உங்க அப்பாயியைக் கேட்டியாம். கேக்க வேற ஆள் கிடைக்கலையா ராசா? அவ குடல் கழுவ உக்காந்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டு பீலிக்கரைப் பக்கம் ஓடினவன் நீ. "லயத்து நாத்தம்"னு சொன்ன வாய்தானே அது. அவ மறக்கல. போனை என் கையில திணிச்சுட்டு குசினிக்குள்ள போய்ச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. நான் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல அந்தப் பண்டம் என்னன்னு தெரிஞ்சுக்க. செம்மறியாட்டு ஈரல், இருதயம், நுரையீரல் மூணையும் அவிச்சுக் கொத்தி, வெங்காயமும் ஆட்டுக் கொழுப்பும் உடைச்ச ஓட்ஸும் சேர்த்து, உப்பும் மிளகும் தூக்கலாப் போட்டுப் பிசைஞ்சு, அந்த ஆட்டோட இரைப்பைக்குள்ளயே திணிச்சு, வாயைத் தைச்சு, மூணு மணித்தியாலம் மெதுவா வேக விடுவாங்க. விளங்குதா? இரைப்பைக் கொழுக்கட்டை. உங்க அப்பாயி மஞ்சத்தூளும் உப்பும் போட்டுத் தேய்ச்சுக் கழுவினாளே, அதே சரக்குத்தான் கடல் கடந்து போய் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நீ அதுக்குப் பயந்து இங்க போன் போடுற.

எங்க காலத்துல தோட்டத்துல ஆடு அடிச்சா தொடை பங்களாவுக்குப் போகும், குடல் லயத்துக்கு வரும். தொரைமாருக்குக் குடல் பிடிக்காதுன்னு நாங்களும் நம்பிக்கிட்டு இருந்தோம். பாவம், அவங்க ஊர்ல அவங்க பாட்டியும் இதையேதான் கழுவிக்கிட்டு இருந்திருக்கா. ஸ்கொட்லாந்துல ஏழைக் குடியானவன் ஆட்டுல எதையும் வீணாக்கக் கூடாதுன்னு சாப்பிட்ட சாப்பாடு இது. நல்ல கறி விக்கப் போயிடும், மிச்சம் வீட்டுக்கு. அந்த மிச்சத்தைத்தான் இன்னைக்கு வெள்ளித் தட்டுல வச்சுத் தூக்கிக்கிட்டு வர்றாங்க.

போன உடனே ஒருத்தன் முகத்தைச் சிரிக்காம வச்சுக்கிட்டு உன்கிட்ட வருவான். "ஹாகிஸ்ங்கிறது மலையில ஓடுற ஒரு பிராணி, ஒரு பக்கத்துக் கால் குட்டை, இன்னொரு பக்கத்துக் கால் நீளம், அதனாலதான் சரிவுல சுத்திச் சுத்தி ஓடும்"னு சொல்லுவான். வர்ற போற வெளியூர்க்காரன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை அது. நம்பினவனும் நிறையப் பேர். நீ நம்பாதே, ஆனா மறுக்கவும் வேணாம். "எங்க எல்கடுவப் பக்கமும் அப்படி உண்டு, ஆனா ரெண்டு கால், தலையில கொழுந்துக்கூடை மாட்டியிருக்கும்"னு சொல்லு. அதுக்கப்புறம் அவன் உன்கிட்ட வாயைக் குடுக்க மாட்டான்.

உடுப்பைப் பத்திக் கேட்டியாம். அங்க ஆம்பளைங்க கட்டம் போட்ட பாவாடை உடுத்தி வருவாங்க. உள்ள என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டுடாதே, அவங்களே கேக்கச் சொல்லிக் கண்ணடிச்சாலும் கேக்காதே. சாரம் கட்டுற வம்சத்துல பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு அதிசயமா?

கொஞ்ச நேரத்துல வாசல்ல ஒரு சத்தம் கிளம்பும். ஒருத்தன் தோல் பையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு குழலை ஊதிக்கிட்டு முன்னால வருவான். பின்னால சமையல்காரர் தட்டை ரெண்டு கையிலயும் ஏந்தி வருவார். எல்லாரும் எழுந்து நிப்பாங்க, கை தட்டுவாங்க. நீயும் எழுந்து நில்லு. போனைத் தூக்கிக்கிட்டு முந்தாதே. தட்டு மேசையில இறங்கினதும் ஒருத்தர் அதுக்கு முன்னால நின்னு கவிதை சொல்லுவார், எட்டுப் பத்தி. ஆமாடா, குடலுக்குக் கவிதை. ரொபர்ட் பர்ன்ஸ்னு ஒரு கவிராயர் 1786ல எழுதினது. அந்த ஊர்ப் பேச்சுல இருக்கும், லண்டன்காரனுக்கே பாதிதான் விளங்கும். உனக்கு விளங்கலைன்னு வருத்தப்படாதே, பக்கத்துல இருக்கிறவனுக்கும் விளங்காது, அவனும் தலையைத்தான் ஆட்டிக்கிட்டு இருப்பான். நடுவுல கத்தியை எடுப்பார், தைச்ச பையை ஒரே கீறா கீறுவார், உள்ள இருக்கிறது ஆவி பறக்க வெளிய பிதுங்கும். அந்த நேரம் முன் வரிசையில நிக்காதே. வெள்ளைச் சட்டையில தெறிச்சா கறை போகாது.

அப்ப உனக்கு வயித்தைப் புரட்டும்னு எனக்குத் தெரியும். உரலுக்குள்ள தலையை விட்டுட்டு உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? உக்காரு.

அந்தக் கவிராயர் கதையையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ, இல்லைன்னா பேச்சுக்குப் பேச்சு முழிப்பே. 1759 ஜனவரி 25ல பிறந்தவர், அதனாலதான் அந்தத் திகதி. குடியானவன் மகன், தானே ஏர் பிடிச்சு உழுதவர். விவசாயம் நட்டம், காதல்ல வில்லங்கம், பெண் வீட்டார் துரத்த, மனுசன் 1786ல என்ன முடிவு பண்ணினார் தெரியுமா? ஜமேக்காவுக்குக் கப்பல் ஏறி, அடிமைகளை வச்சு வேலை வாங்குற கரும்புத் தோட்டத்துல கணக்கெழுதப் போறதுன்னு. அதாவது நம்ம பாஷையில கணக்கப்பிள்ளை வேலை. அந்த வருசமே கில்மார்னொக்ல அவர் கவிதைப் புத்தகம் அச்சாச்சு, 612 பிரதி. மளமளன்னு வித்துப் போச்சு, அவர் கப்பல் ஏறல. புத்தகம் விக்காம இருந்திருந்தா, அடிமைப் பேரேட்டுல பேர் எழுதிக்கிட்டு இருந்திருப்பார். மனுசனெல்லாம் சமம்னு பாடினவர் அவர்தான். பாட்டு நல்ல பாட்டு, அதுல குறையில்லை. ஆனா கணக்கப்பிள்ளை ஆகியிருந்தா பாடியிருப்பாரான்னு எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு.

அதைவிட ருசியான சங்கதி ஒண்ணு இருக்கு. விஸ்கியைப் புகழ்ந்து பாடின அதே மனுசன் 1789ல இருந்து அரசாங்கத்துல என்ன உத்தியோகம் பார்த்தார்? எக்ஸைஸ்! திருட்டுச் சாராயம் பிடிக்கிற உத்தியோகம். நம்ம ஊர்ல கசிப்புப் பிடிக்க வர்ற எக்ஸைஸ் ஐயா யாராவது போற போக்குல கசிப்பைப் பத்தி ஒரு தெம்மாங்கு எடுத்து விட்டா எப்படி இருக்கும்? 1796ல, 37 வயசுலயே கண்ணை மூடிட்டார். அஞ்சு வருசம் கழிச்சு, 1801ல, அவர் செத்த திகதியில ஒன்பது கூட்டாளிங்க அவர் பிறந்த அலோவே குடிசையில கூடிச் சாப்பிட்டாங்க. அதுதான் முதல் விருந்து. அன்னைக்குச் சாப்பாடு ஹாகிஸும் ஆட்டுத்தலையும். குடலும் தலைக்கறியும்! நம்ம முனியாண்டிப் பூசை முடிஞ்ச மறுநாள் லயத்துல பரிமாறுற பட்டியல் அப்படியே இருக்கு. தலைக்கறியை இப்ப விட்டுட்டாங்க. விவரம் தெரியாதவங்க.

பேராண்டி, இதுல நான் அவங்களை நையாண்டி பண்றேன்னு நினைக்காதே. உன்னைத்தான் பண்றேன். அவன் குடலை மறைக்கல. மேளம் தட்டி, கவிதை படிச்சு, எழுந்து நின்னு மரியாதை பண்ணி, பேரப்பிள்ளைக்கும் ஊட்டி விடுறான். நீ இங்க இருந்தப்ப கூட்டாளிங்க வந்தா, "அப்பாயி, இன்னைக்குக் குடல் வேணாம், கோழி வாங்கு"ன்னு காதுல சொன்னே. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாட்டையெல்லாம் தேடித் திரட்டி வச்சுட்டுப் போனார். நடந்து வந்த துயரம், கங்காணி மேல வசவு, தாலாட்டு, எல்லாம் இருக்கு. குடல்கறிக்கு எட்டுப் பத்தி எழுத ஆள் வேணும்னா, படிச்ச பிள்ளை நீதான் இருக்கே.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பக்கத்துல ரெண்டு குவியல் வைப்பாங்க. ஒண்ணு மசிச்ச உருளைக்கிழங்கு, இன்னொண்ணு மஞ்சளா மசிச்ச ஒரு வகை டர்னிப் கிழங்கு. ஹாகிஸைக் கொஞ்சம் எடுத்து, ரெண்டையும் தொட்டுக்கிட்டுச் சேர்த்துச் சாப்பிடு. கையால பிசையாதே, பிசைஞ்சா ருசி கூடும்னு எனக்கும் தெரியும், ஆனாலும் அன்னைக்கு வேணாம். முதல் வாயில ஈரல் தெரியும், ரெண்டாவதுல மிளகு உறைக்கும். அந்த மிளகு எந்த ஊருதுன்னு யாருக்குத் தெரியும்? ரத்தோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு மரத்துல கொடி ஏத்தியிருக்காங்களே, ஏற்றுமதிப் பயிருக்கான ஆராய்ச்சி நிலையமே மாத்தளையிலதானே இருக்கு, அதனால "எங்க ஊர் மிளகு மாதிரி இருக்கே"ன்னு தாராளமாச் சொல்லிக்க. சாதிக்காய் போடுற வீடும் உண்டு. அதுவும் நம்ம ஊர்ல விளையிறதுதான். உறைப்புப் பத்தலைன்னா பொக்கெட்ல ஒரு சின்னப் போத்தல் கட்டச்சம்பல் கொண்டு போ. முதல்ல நீ மட்டும் மேசைக்குக் கீழ வச்சுக்க. மூணாவது கிளாஸுக்கு அப்புறம் அவங்களே கேப்பாங்க.

சைவம்னு பொய் சொல்லித் தப்பிக்கலாம்னு நினைச்சியா? அதுக்கும் வழி வச்சிருக்கான். 1984ல எடின்பரோவுல மெக்ஸ்வீன்னு ஒரு இறைச்சிக் கடைக்காரர் பருப்பும் மரக்கறியும் போட்டுச் சைவ ஹாகிஸ் பண்ணிட்டார். அப்ப உனக்கு அதைக் கொண்டு வந்து வைப்பாங்க, நீ குடலுக்குத் தப்பி அவரைக்கொட்டையில மாட்டுவே. அமெரிக்காவுல இருந்தாத் தப்பிக்கலாம். ஆட்டு நுரையீரலைச் சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னு 1971ல இருந்து அங்க தடை. நுரையீரலுக்குப் பயப்படுற நாடு அது. துவக்கை மட்டும் வீட்டுக்கு வீடு வச்சிருப்பாங்க.

விஸ்கி விசயத்துல கொஞ்சம் நிதானமாக் கேளு. இதுல நான் விளையாடல, கொஞ்சம்தான் விளையாடுறேன். ஸ்கொட்லாந்துல விஸ்கின்னு பேர் போடணும்னா ஓக் மரப் பீப்பாயில குறைஞ்சது மூணு வருசம் கிடக்கணும், நூத்துக்கு 40க்குக் குறையாம வீரியம் இருக்கணும். சட்டம். நம்ம ஊர்ல கசிப்புக் காய்ச்சுறவன் மூணு மணித்தியாலம் கூடப் பொறுக்க மாட்டான், ஆறுறதுக்குள்ள ஊத்திடுவான். பீப்பாயில கிடக்கும்போது வருசா வருசம் நூத்துக்கு ரெண்டு அளவுல ஆவியாப் போயிடுமாம். அதை தேவதைங்க பங்குன்னு சொல்லிக் கணக்கை முடிச்சுடுறாங்க. இங்க பார்ல போத்தல் குறைஞ்சதுக்கு அப்படி ஒரு கணக்குச் சொல்லிப் பாரு, முதலாளி உன்னையே தேவலோகத்துக்கு அனுப்பிடுவார்.

அவங்களையும் ஆதியில இருந்தே யோக்கியன்னு நினைச்சுடாதே. அந்த மலைப் பள்ளத்தாக்குல எல்லாம் வரிக்காரன் கண்ணுல படாம அடுப்பு மூட்டிக் காய்ச்சினவங்கதான். 1823ல ஒரு சட்டம் போட்டாங்க. காசு கட்டு, லைசன்ஸ் எடு, வெளிச்சத்துல காய்ச்சுன்னு. நேத்து வரைக்கும் திருட்டுக் கசிப்பு, இன்னைக்குக் குலப்பெருமை. நம்ம ஆளுங்க இந்த மலைக்கு வந்ததா நாம கணக்கு வச்சிருக்கிறதும் அதே 1823தான். அவங்க சாராயத்துக்கு அந்த வருசமே லைசன்ஸ் கிடைச்சுது. எங்களுக்குக் குடியுரிமை கிடைக்க எவ்வளவு காலம் ஆச்சுன்னு உனக்கே தெரியும்.

கிளாஸை ஒரே மடக்காக் கவுத்துடாதே. மோந்து பாரு முதல்ல. ஐலா தீவுச் சரக்கா இருந்தா புகை நாறும், தோட்டத்து ஆஸ்பத்திரியில லைசோல் ஊத்திக் கழுவின மாதிரி ஒரு வாடை வரும். முகத்தைச் சுளிக்காதே. பீட்டுன்னு மக்கின மண்கட்டியை எரிச்சு, அந்தப் புகையில வாற்கோதுமையைக் காய வைக்கிறதால வர்ற வாடை, அதுக்குத்தான் காசே. ரெண்டு சொட்டுப் பச்சைத்தண்ணி விட்டுக் குடி, கோலா ஊத்தினா வீட்டுக்காரர் அழுதுடுவார். கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சு, ஒரு கிளாஸை ஒரு மணித்தியாலம் இழு. சம்பளத்தன்னைக்கு ராத்திரி நம்ம லயத்துல என்ன நடக்கும்னு பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. 2021ல நாள் சம்பளம் 1000 ரூபான்னு வர்றதுக்கு எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தினோம்! அந்தக் காசு மாலையில எங்க போச்சுன்னு கேட்டா உங்க அப்பாயி பேச மாட்டா, என்னைத்தான் பார்ப்பா. அதனால ரெண்டோட நிறுத்து. கார் ஓட்டுற எண்ணமே வேணாம். 2014 டிசம்பர்ல இருந்து ஸ்கொட்லாந்து பொலிஸ் இங்கிலாந்தைவிடக் குறைஞ்ச அளவுக்கே பிடிக்கிறாங்க.

சாப்பாடு முடிஞ்சா பேச்சு. கவிராயர் நினைவுக்கு ஒரு பேச்சு, பெண்களுக்கு வாழ்த்துச் சொல்லி ஆம்பளை ஒருத்தன் ஒரு பேச்சு, அதுக்குப் பெண் ஒருத்தி எழுந்து பதில். பதில்தான் எப்பவும் நல்லா இருக்கும். அந்த நேரம் நீ சிரி, ஆனா யார் பக்கமும் சேராதே.

அப்பதான் ஆபத்து வரும். ஒரு வயசானவர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டு, "நீ சிலோனா? எங்க பாட்டனார் அங்கதான் தோட்டம் போட்டார்"னு ஆரம்பிப்பார். ஸ்கொட்லாந்துல இப்படி ஒரு பாட்டனார் இல்லாத வீட்டைத் தேடணும். தேயிலையைக் கண்டி மாவட்டம் லூல்கந்துரவுல 1867ல நட்ட ஜேம்ஸ் டெய்லரே அந்த ஊர்தான், கிங்கார்டின்காரர். நுவரெலியாப் பக்கம் போனா ஹோலிரூட், பெல்மோரல், எடின்பரோ, எல்லாம் தோட்டம். நம்ம மாத்தளை டவுன்லயே மெக்டோவல் கோட்டைன்னு ஒண்ணு 1803ல கட்டினாங்க. ஹே மெக்டோவல்ங்கிற ஸ்கொட்லாந்து ஜெனரல் பேர்ல. கோட்டை போச்சு, வாசல் மட்டும் கல்லறைத் தோட்டத்துல நிக்குது.

அவர் அப்படிச் சொன்ன உடனே பிரட்டுக்களத்துல நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு "யெஸ் சேர்"னு நின்னுடாதே. சண்டைக்கும் போகாதே, அவர் விஸ்கியைத்தானே குடிச்சுக்கிட்டு இருக்கே. கிளாஸை மெதுவாக் கீழ வச்சுட்டு, "அப்படியாங்க? சந்தோசம். அதை நட்டது எங்க பாட்டனாருங்க"ன்னு சொல்லு. சொல்லிட்டுச் சிரி. அதுக்கு மேல ஒண்ணும் பேச வேணாம், அவரே யோசிக்கட்டும்.

அவர் நல்ல மனுசனா இருந்தா பேச்சு வளரும். அப்ப இதைக் கேளு: உங்க மலையில ஆளுங்க குடியிருந்த நிலத்தை எல்லாம் பண்ணையார் பிடுங்கி, குடிசையைக் கொளுத்தி, ஜனங்களைத் துரத்திட்டு ஆட்டை மேய விட்டாங்களாமே, அது எப்படிங்க? பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில தொடங்கி பத்தொன்பதாம் நூற்றாண்டு நடு வரைக்கும் அது நடந்துச்சு. கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பல் கப்பலாப் போனாங்க. ஆடு வந்து மனுசனை விரட்டின ஊர். அந்த ஆட்டோட குடலைத்தான் நீங்க இப்ப கத்தியால கீறிக் கை தட்டுறீங்க, பழி தீர்த்துக்கிட்டீங்க போல இருக்குன்னு சொல்லு. சிரிச்சார்னா ரெண்டாவது கிளாஸ் அவர் கையால வரும்.

அதே நாட்டுல இருந்து பிழைக்க வந்தவன்தான் இங்க தொரை ஆனான். அதே காலத்துல பஞ்சத்துல அடிபட்ட நம்ம ஆளுங்க தோணியில மன்னார்ல இறங்கி, காட்டு வழியா நடந்து மாத்தளைக்கு வந்தாங்க. நடந்து முடிச்சவங்க வந்து சேர்ந்த இடத்துல மாரியாத்தாளைக் கும்பிட்டாங்க. 2023ல, இருநூறு வருச நினைவுக்கு, தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் மறுபடி நடந்தாங்களே, அன்னைக்கு நீ வரல, பரீட்சைன்னு சொன்னே. அந்த வயசானவர் கேட்டா அதை மட்டும் சொல்லாதே.

கடைசியில எல்லாரும் வட்டமா நின்னு, கையைக் குறுக்கே போட்டுக் கோத்துக்கிட்டு ஒரு பழைய பாட்டுப் பாடுவாங்க, அதுவும் அந்தக் கவிராயரோடதுதான். எடுத்த எடுப்பிலேயே கையைக் குறுக்கே போட்டுடாதே, கடைசிப் பத்தியில போடுறதுதான் முறை. அங்கேயே பிறந்த பாதிப் பேருக்கு இது தெரியாது. நீ சரியாச் செஞ்சா மறுவருசமும் கூப்பிடுவாங்க.

இங்கயும் ஒரு நாள் அப்படி ஒரு விருந்து வைக்கலாம்னு எனக்கு ஆசைதான். ஆனா திகதி பார்க்கணும். 2024 ஜனவரி 25ல என்ன ஆச்சு தெரியுமா? துருத்துப் போயா. சாராயக் கடையும் பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. போதாததுக்குத் தைப்பூசமும் அன்னைக்கே. புத்தரும் முருகனும் சேர்ந்து நின்னா ஸ்கொட்லாந்துக்காரன் என்ன பண்ணுவான்?

அதனால நீ மாசி மகத் தேருக்கு வர்றப்ப, தேர் எல்லாம் நிலைக்கு வந்து, கட்டின காப்பும் அவிழ்த்த பிறகு வச்சுக்கலாம். ஆடு நான் பார்த்து வைக்கிறேன், செம்மறிக்கு எங்க போறது, வெள்ளாடுதான். ஓட்ஸ் நீ கொண்டு வர வேணாம், உங்க அப்பாயி குரக்கனை வறுத்து உடைச்சுப் போடுறேங்கிறா. டர்னிப்புக்குப் பதிலா நோக்கோல். தப்பு அடிக்க ஆளிருக்கு. நீ எட்டுப் பத்தியை எழுதிக்கிட்டு வா, கத்தியையும் நீயே பிடி. குடலைக் கழுவுறதும் இந்தத் தடவை நீதான்னு அவ உள்ள இருந்து சொல்றா. போத்தலை உங்கப்பன் கையில குடுத்துடாதே, நேரா என் காம்பராவுக்கு வா.